சீர்த்தட்டில் ஒரு ஹெல்மெட்

கேக்குதுங்களா தம்பி? அந்தா. இல்லீங்க, அது கெணத்து மோட்டார். அதுக்கும் அந்தப் பக்கம், வாய்க்கா மேட்டுல. மொதல்ல ஒத்தைக் கொசு மாதிரி வரும், அப்புறம் தேனீக் கூட்டமாட்டம் ஆகும். இப்பச் சித்த அடங்கும் பாருங்க. அடங்கிருச்சா? அது பாலத்துத் திருப்பம். கியரைக் குறைக்கறா. இனி புளியமரம் தாண்டற வரைக்கும் முறுக்குவா. ஆள் கண்ணுல படறதுக்கு முன்னாலயே நான் சொல்லிருவேன், இன்னிக்குச் சந்தோசமா வர்றாளா, மேனேஜர்கிட்டத் திட்டு வாங்கிட்டு வர்றாளான்னு.

அதா வந்துட்டா. போயும் போயிட்டா. ஹாரன் அடிச்சாளே, அது எனக்கு.

என்ற தங்கச்சி மக தாரணி. பால் சொசைட்டியில வேலை. கொண்டாந்து ஊத்தற பாலுல தண்ணி எவ்வளவு, கொழுப்பு எவ்வளவுன்னு சோதிச்சுச் சொல்லணும். லீவு நாள்ல ரேஸ் ஓட்டுவா. ஆமாங்க, பைக் ரேஸ்தான். ரோட்டுல இல்ல. ரோட்டுல ஓட்டினா நானே வண்டியைப் புடுங்கி வாய்க்கால்ல தள்ளிருவேன். அதுக்குன்னு இருக்கற ட்ராக்குல, கோயமுத்தூர்ப் பக்கம்.

நீங்க லோடு ஏத்த வந்தவரு, உங்களை உக்கார வெச்சுட்டு நான் பாட்டுக்குப் பேசறேன். ஆளுக சாப்பிடப் போயிருக்கறாங்க தம்பி, வந்ததும் ஏத்திருவாங்க. அந்த மட்டைக் குவியல் மேலயே உக்காருங்க, குத்தாது. நான் மூட்டை வாயைத் தெச்சுக்கிட்டே பேசறேன். கோணி ஊசி கையில இருந்தாத்தான் எனக்குப் பேச்சு ஒழுங்கா வரும்.

அவ தலையில இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தீங்களா? வெள்ளை. அது நான் வாங்கிக் குடுத்தது. ஊருக்குள்ள வேற மாதிரி சொல்லுவாங்க. டீக்கடையில என்னையப் பத்திக் கேட்டீங்கன்னா, நாச்சிமுத்து தேங்காயைப் பார்க்கற கண்ணால பொண்ணு தலையைப் பார்த்தவன்னு சிரிப்பாங்க. பொறாமை புடிச்ச கூட்டம். நடந்தது என்னன்னு நான் சொல்றேன், நீங்களே ஞாயத்தைச் சொல்லுங்க.

போன வருசம் இந்தப் புள்ள வந்து எம் முன்னால நிக்கறா. "மாமா, பொம்பளைப் புள்ளைகளுக்குன்னு தனியா ரேஸ் வெக்கறாங்க. புதுசா ஓட்டறவங்களுக்கு மட்டும். அதுக்கு முன்னால பயிற்சி குடுக்கறாங்க. நீங்க சரின்னு சொன்னா அம்மா சரிங்கறாங்க" அப்படீன்னா.

நீங்க சரின்னு சொன்னா! தம்பி, இந்த வார்த்தையை இந்தக் காலத்துல எந்தப் புள்ள வந்து எந்த மாமன்கிட்டச் சொல்லுது? எனக்கு அப்படியே குளுந்து போச்சு. ரேஸாவது, ராக்கெட்டாவது, போ கண்ணுன்னுட்டேன். என்ற தங்கச்சி துளசிமணி அன்னிக்கு ராத்திரி போன் பண்ணி, "ஏண்ணா, நீ வேண்டாம்னு சொல்லுவேன்னுதானே உன்கிட்ட அனுப்புனேன்" அப்படீங்கறா. அதை முன்னாலயே சொல்லியிருக்கோணுமல்ல? எனக்குச் சோசியமா தெரியும்?

சொன்ன வார்த்தையை மாத்தறவன் நான் இல்ல. அதுக்கு மேலயும் ஒரு படி போனேன். "துளசி, நீ ஒண்ணுக்கும் கவலைப்படாத. அந்தப் புள்ளைக்கு ஹெல்மெட்டு மாமன் சீரா வரும்"னு சொல்லிப்போட்டேன்.

உங்க பக்கம் எப்படியோ, எங்க பக்கத்துல தாய்மாமன்னா சும்மா இல்லீங்க. காது குத்தறப்ப மாமன் மடி. இவ என்ற மடியில உக்காந்துதான் காது குத்துனா, குத்துன ஆசாரியை விட்டுட்டு என்னைக் கடிச்சு வெச்சா. பெரிய மனுசி ஆனப்ப மாமன் சேலை. நாளைக்குக் கல்யாணம்னா மாமன் எடுத்துக் குடுத்ததுதான் மொதல்ல உடம்புல படணும். அப்படி இருக்கறப்ப, தலையில ஏறற சாமானை இன்னொருத்தன் வாங்கறதா?

துளசிமணியும் லேசுப்பட்டவ இல்ல. "சரிண்ணா. அப்படின்னா நீ குடுக்கற ஹெல்மெட்டைப் போட்டாத்தான் அவ வண்டியில ஏறலாம். வேற எதையாவது எடுத்துப் போட்டா அன்னிக்கோட ரேஸ் நிக்கும். ஒத்துக்கறியா?" ஒத்துக்கிட்டேன். தாரணியும் ஒத்துக்கிட்டா. அவளுக்கு அந்த ட்ராக்குல கால் வெச்சாப் போதும், எதுக்கு வேணா தலையாட்டுவா.

கோயமுத்தூர் போயி, கடைவீதியில பெரிய கடையாப் பார்த்து நொழைஞ்சேன். செவுரு பூரா ஹெல்மெட்டு. கடையில ஒரு அம்மணி நின்னுது. "யாருக்குங்க சார்?"னு கேட்டுது. என்ற மருமகளுக்கு, ரேஸ் ஓட்டறதுக்குன்னேன். "அவங்களைக் கூட்டிட்டு வாங்க சார், தலையில போட்டுப் பார்த்துத்தான் வாங்கணும்"ங்குது. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "ஏம்மா, சீர் வாங்கப் போறப்ப யாராவது பொண்ணைக் கூடக் கூட்டிட்டுப் போவாங்களா?"ன்னேன். அந்த அம்மணி வடக்க எங்கயோ இருந்து வந்ததாட்டத் தெரியுது, அதுக்கு இதெல்லாம் என்ன வெளங்கும்? "தலை அளவாவது தெரியுங்களா?"ன்னு கேட்டுது.

அளவு! நான் இந்தத் தேங்கா மண்டியில வருசக்கணக்கா உக்காந்திருக்கறேன். மரத்துல இருக்கற காயைக் கீழ நின்னு பார்த்துட்டு, இது முதல் தரம், இது ரெண்டாந்தரம்னு சொல்லிருவேன். இறக்கிப் பார்த்தா ஒரு நூலு மாறாது. தூக்கி வளர்த்த புள்ளை தலை எனக்குத் தெரியாதா? கையை இப்படிக் குவிச்சுக் காட்டினேன். அந்த அம்மணி ஒண்ணை எடுத்துக் குடுத்துது. சின்னதா இருந்துச்சு. அடுத்தது. அதுவும் சின்னது. எப்படிக் கண்டுபுடிச்சேன்னா, என்ற தலையில போட்டுப் பார்த்தேன். எங்க குடும்பத்துல எல்லாத்துக்கும் ஒரே மண்டைங்க, எங்கப்பாருக்கும் இதே மண்டைதான். மூணாவதாப் போட்டது கச்சிதம். வலியில்ல, இறுக்கமில்ல, மெத்தையில தலை வெச்ச மாதிரி இருந்துச்சு. மயில் நீலம். பின்னால நெருப்புப் படம். அதுலயே ஒரு சைஸ் மேல குடுங்கன்னு வாங்கிட்டேன்.

ஏன் ஒரு சைஸ் மேலயா? வளர்ற புள்ளை தம்பி. சட்டை எடுத்தாலும் செருப்பு எடுத்தாலும் சித்தப் பெருசா எடுத்தாத்தான ரெண்டு வருசம் வரும்? வயசா? இருபத்தி நாலு.

சீர் வெச்சது பாருங்க, அதை நீங்க பார்த்திருக்கோணும். தட்டு ஒத்தப்படையில இருக்கோணும்னு ஆப்பிள் ஒண்ணு, சாத்துக்குடி ஒண்ணு, வாழைப்பழம், வெத்தலபாக்கு, நடுவுல பெரிய தாம்பாளத்துல ஹெல்மெட்டு. மல்லிப்பூவை அதைச் சுத்திக் கட்டி, முன்னால கண்ணாடியில சந்தனமும் குங்குமமும் வெச்சு, என்ற ஊட்டுக்காரியும் நானும் எடுத்துட்டுப் போனோம். தெருவே வெளிய வந்து பார்த்துச்சு. மச்சான், அதாவது துளசிமணி ஊட்டுக்காரரு, எந்திரிச்சு நின்னு வாங்கிக்கிட்டாரு.

தாரணி தலையில நானே வெச்சேன். புள்ளை இப்படித் திரும்பி அவங்கம்மாவைப் பார்த்தா. தலை திரும்புச்சு. ஹெல்மெட்டு என்னையப் பார்த்துக்கிட்டே நின்னுச்சு. எல்லாரும் சிரிச்சோம். அவளும் உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பா, முகம் தெரியல.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் இங்க மண்டிக்கே வந்தா. "மாமா, கோவிச்சுக்காதீங்க. இதைக் குடுத்துட்டுச் சின்னதா மாத்திக்கலாங்களா? லூசா இருக்குதுங்க." நான் சிரிச்சுட்டே சொன்னேன், "கண்ணு, சீரைக் கடையில திருப்பிக் குடுக்கறதா? நாளைக்குத் தாலி பெருசா இருக்குதுன்னு மாத்திட்டு வருவியா?" அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல. அவ்வளவு மரியாதை தெரிஞ்ச புள்ளை. இன்னொரு தடவையும் கேட்டா, அப்பவும் இதையேதான் சொன்னேன்.

அவளே ஒரு வழி பண்ணிக்கிட்டா. ஈரிழைத் துண்டு ஒண்ணை மடிச்சுத் தலையில சுத்திக்கிட்டு, அதுக்கு மேல ஹெல்மெட்டைப் போட்டா. என்ற துண்டு! எங்க ஊட்டுக் கொடியில கெடந்ததை எடுத்துட்டுப் போயிருக்கறா. மாமன் துண்டைத் தலையில கட்டிக்கிட்டுப் போற புள்ளை எங்கயாவது உண்டுங்களா? நான் போறவங்க வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிச் சொல்லி மாஞ்சு போனேன்.

பயிற்சிக்கு அப்படியேதான் போனா. வார வாரம் போனா. வாத்தியாரு ஒருத்தரு ஏதோ சொன்னாராம், இவ ஏதோ சொல்லிச் சமாளிச்சாளாம். அவங்கம்மா கண்டிசன் இருக்குதல்ல.

ரேஸுக்கு மொத நாள், சனிக்கிழமை. ஓட்டிப் பார்த்துக்கறதுக்கு விட்டாங்க. அன்னிக்கு நானும் கூடப் போனேன். மண்டியை அடைச்சுப் போட்டு, குட்டியானை லோடு வண்டியில அவ பைக்கை ஏத்திக்கிட்டு, தயிர்சாதம் கட்டிக்கிட்டுப் போனேன். அங்க பார்த்தா என்ன கூட்டம்ங்கறீங்க! டவுசர் போட்ட புள்ளைக, குடையைப் புடிச்சுட்டு அப்பனுக, ஒரு பாப்பா ஜிப்பு வெச்ச தோல் சட்டையில கரடியாட்டம் நின்னு ஐஸ் திங்குது. எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. படியில உக்காந்து கடலை உரிச்சுட்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் தாரணி எம் முன்னால போறப்ப எந்திரிச்சுக் கையாட்டினேன். அவ பார்க்கல. பார்க்கக் கூடாதாம், ரோட்டைத்தான் பார்க்கோணுமாம்.

அப்பத்தான் அந்தக் கோடித் திருப்பத்துல வண்டியைச் சாய்ச்சா. நல்லாத்தான் சாய்ச்சா. சாய்ச்சவ நிமிரல. நேராப் புல்லுக்குள்ள போயிட்டா. சாய்றப்பத் துண்டு நழுவி, ஹெல்மெட்டு கண்ணு மேல எறங்கிருச்சாம். அது அப்புறம் சொன்னது. எனக்கு அந்தத் தூரத்துக்கு ஒண்ணும் தெரியல. புழுதிதான் தெரிஞ்சுது.

புழுதிக்குள்ள இருந்து அது உருண்டு வந்துச்சு.

நீலமா. ரோட்டுக்கு வந்து, குதிச்சுக் குதிச்சு, இந்தப் பக்கமா.

...

இருங்க, ஊசியை அப்படி வெச்சுக்கறேன். நூலு சிக்கிக்கிச்சு.

அதுக்குள்ள ஒண்ணும் இல்லீங்க. வெறும் ஹெல்மெட்டுதான். அது மட்டும் எனக்குக் கொஞ்ச நேரம் தெரியல. அவ்வளவுதான் விசயம். பக்கத்துல இருந்த ஒரு அப்பன் பின்னால சொன்னாரு, நீங்க வேலியைத் தாண்டிட்டீங்க அண்ணான்னு. இந்த ஒடம்பை வெச்சுக்கிட்டா? எனக்கு ஞாபகம் இல்ல. செருப்பு ஒண்ணு வேலிக்கு இந்தப் பக்கம் கெடந்துச்சு, அதனால நம்பறேன்.

புள்ளை புல்லுல எந்திரிச்சு உக்காந்திருக்கறா. மண்டை பூரா புல்லு. கழுத்துல என்ற துண்டு. ஒண்ணும் ஆகல, முழங்கையில தோலு உரிஞ்சிருச்சு, அவ்வளவுதான். நான் ஓடிப் போயி, மூச்சு வாங்கிக்கிட்டு, கேட்டேன். "ஹெல்மெட்டுக்கு ஒண்ணும் ஆகலையே கண்ணு?"

பதட்டம் தம்பி. பதட்டத்துல வாயில வர்றதுதான. அதுக்கு இவ என்னையப் பார்த்தா பாருங்க ஒரு பார்வை. அந்தப் பார்வையைத்தான் என்னால மறக்க முடியல.

அப்புறம் அங்க ஹெல்மெட்டு, சட்டை, கையுறையெல்லாம் சோதிக்கற இடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஜெசிந்தா மேடம்னு ஒருத்தி. தூத்துக்குடிக்காரி, ஆம்பளையாட்டம் நடை. தாரணி தலையில ஹெல்மெட்டை மாட்டச் சொன்னா, தாடைக்குக் கீழ வாரைக் கட்டச் சொன்னா. கட்டியாச்சு. பின்னால போயி, கழுத்துப் பக்கத்துல ரெண்டு வெரலை விட்டு மேல தூக்கினா. சட்டிக்கு மேல இருக்கற மூடியை எடுக்கறாப்புல வந்துருச்சு கையோட. வாரு கட்டினது கட்டினபடி இருக்குது.

"யார் வாங்கினது இது?"

"நாந்தாங்க. தாய்மாமன். இது சீருங்க மேடம்."

"சீர்னா பீரோவுல வைங்க அண்ணாச்சி. தலையில வைக்காதீங்க. எப்படியும் இது விழுந்த ஹெல்மெட், இனி ஆகாது. உள்ள நசுங்கியிருக்கும், வெளிய தெரியாது" அப்படீன்னு சொல்லி, கத்தரியை எடுத்து வாரை வெட்டிட்டா. எங் கண்ணு முன்னால! மல்லிப்பூ சுத்தி, சந்தனம் வெச்சுக் குடுத்த பொருளு.

நான் விடுவேனா? சத்தம் போட்டேன். ஒரு கீறல்கூட இல்லையே, எப்படி ஆகாமப் போகும்னேன். எங்க குடும்ப வழக்கம் உனக்குத் தெரியுமான்னேன். தலைக்குத் துண்டைக் கட்டிக்கிட்டா நிக்காதான்னேன். கூட்டம் கூடிருச்சு. அப்பத்தான் தாரணி சொன்னா. சத்தமாச் சொல்லல, அதுதான் பெரிய கொடுமை. மெதுவாச் சொன்னா.

"மாமா, எனக்குச் சீர் வேண்டாங்க. என் தலைக்கு ஆகற ஹெல்மெட்டு வேணுங்க."

அத்தனை பேரு முன்னால. நீங்க சொல்லுங்க தம்பி. சபையில வெச்சு மாமனைச் சீர் வேண்டாம்னு சொல்ற பொண்ணை நீங்க பார்த்திருக்கறீங்களா? நான் பார்த்ததில்ல. ஒத்தைச் செருப்போட நடந்து வந்து குட்டியானையில ஏறி உக்காந்துட்டேன். கெளம்பிப் போயிரலாம்னு சாவியைக்கூடத் திருப்புனேன்.

போன் அடிச்சுது. துளசிமணி.

"அண்ணா, எப்படி ஓட்டறா?"

"ஓட்டறா."

"விழுகலையே?"

"ட்ராக்குன்னா அதெல்லாம் இருக்கும்மா. சவுக்கியமா இருக்கறா."

அப்புறம் கேட்டா, "நீ வாங்கிக் குடுத்ததைத்தானே போட்டிருக்கறா?"

தம்பி, இந்த எடத்துல நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அன்னிக்கோட ரேஸ் நின்னுரும். துளசிமணி சொன்னாச் சொன்னதுதான். சீர் வேண்டாம்னு சொன்ன வாய்க்கு அது சரியான பதிலாவும் இருந்திருக்கும். வாய் வரைக்கும் வந்துருச்சு.

"ஆமா. நான் வாங்கிக் குடுத்ததுதான்"னு சொல்லிட்டேன்.

ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியல. சொன்னதுக்கப்புறம்தான் சிக்கல் புரியுது. நான் பொய் சொல்றவன் இல்லீங்க. மண்டியில கேட்டுப் பாருங்க. சொன்னது சொன்னதாகணும்னா ஒரே ஒரு வழிதான இருக்குது? எறங்கி ஓடினேன்.

அங்க ட்ராக்குக்குள்ளயே ஒரு பந்தல்ல அன்வர்னு ஒரு தம்பி ரேஸ் சாமானெல்லாம் வெச்சிருப்பாரு. தாரணி அங்கதான் நிக்கறா. தலைக்கு அளவு எடுத்துட்டிருக்கறாரு. தையக்காரரு டேப்புதான். புருவத்துக்கு ஒரு வெரல் மேல ஆரம்பிச்சு, காதுக்கு மேலயே போயி, பின்மண்டையில துருத்திட்டிருக்கற எடத்தைச் சுத்தி. "கொண்டையைப் பிரிச்சுத் தாழப் பின்னிக்குங்க சிஸ்டர், கொண்டை மேல போட்டா அளவு பொய் சொல்லும்"ங்கறாரு.

"இதை நான் வாங்கறேன்"னேன்.

தாரணி திரும்பல. "வேண்டாங்க மாமா."

"உங்கம்மாகிட்டச் சொல்லிட்டேன், நான் வாங்கிக் குடுத்ததைத்தான் நீ போட்டிருக்கறேன்னு. என்னையப் பொய்யனாக்கிறாத."

இப்பத் திரும்பினா. "அப்படின்னா எனக்கு ஆகுதா இல்லையான்னு நான்தான் சொல்லுவேன். நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"பேசல."

மொத ஹெல்மெட்டு. அளவு சரி, ஆனா நெத்தியில ஒரே எடத்துல குத்துதுன்னா. "உங்களுக்கு உருண்டைத் தலை, இது நீளத் தலைக்கு. கம்பெனிக்குக் கம்பெனி வார்ப்பு மாறும்"னாரு அன்வர். எங்க குடும்பத்துல உருண்டைத் தலையா? எங்கப்பாருக்கு நீளத் தலைங்க, எனக்கும் நீளம். வாயைத் தொறந்தேன், மூடிக்கிட்டேன். மச்சானுக்குத்தான் உருண்டை. அந்தப் பக்கத்துத் தலையும் வரும்னு யாரு நெனச்சா?

ரெண்டாவது, வெள்ளை. உள்ள போறதுக்கே மல்லுக்கட்ட வேண்டியிருந்துச்சு. போட்டதும் கன்னம் ரெண்டும் பிதுங்கி, வாயி மீன் வாயாட்டம் குவிஞ்சிருச்சு. என்னால தாங்க முடியல. "ஏனுங்க தம்பி, பொண்ணு மூஞ்சி பணியாரமாட்டம் பிதுங்குதே, இதையா போடச் சொல்றீங்க?"

"மாமா"ன்னா தாரணி. வாய் நெறைய அதிரசம் வெச்சுட்டுப் பேசறாப்புல இருந்துச்சு. மொறைக்கறது மட்டும் தெளிவாத் தெரிஞ்சுது.

அன்வர் சிரிச்சாரு. "கன்னத்தை அமுக்கணுங்கண்ணா. ஓட்ட ஓட்ட உள்ள மெத்தை அமுங்கும். இன்னிக்கு மெத்து மெத்துன்னு இருந்தா, அது அவங்க அளவு இல்ல. ஆனா எங்கயாவது ஒரே எடத்துல வலிச்சாலும் ஆகாது. அதனால ஒரு டீ குடிக்கற நேரம் அப்படியே உக்காரட்டும்."

நானும் அன்வரும் டீ குடிச்சோம். புள்ளை நடுவுல ஸ்டூல்ல ஹெல்மெட்டோட உக்காந்திருக்கறா. நான் நெமிசத்துக்கு ஒருக்கா வலிக்குதா, வலிக்குதான்னு கேட்டேன். இல்லைன்னு தலையாட்டினா. தலை ஆடுச்சு. ஹெல்மெட்டும் கூடவே ஆடுச்சு. நான் டீயை அப்படியே வெச்சுட்டுப் பார்த்தேன். இன்னொருக்காக் கேட்டேன், சும்மா, ஆடுதான்னு பார்க்கறதுக்காக.

"நீங்களே பின்னால இருந்து தூக்கிப் பாருங்கண்ணா"ன்னாரு அன்வர். "வாரைக் கட்டியாச்சு. பயப்படாம இழுங்க."

பின்னால போயி நின்னேன். ரெண்டு வெரலை விட்டுத் தூக்கினேன். வரல. புள்ளை தலையே முன்னால குனிஞ்சுச்சு, ஹெல்மெட்டு வரல. இன்னொருக்காத் தூக்கினேன். ரெண்டு கையையும் போட்டுத் தூக்கினேன். மூட்டை தூக்கற கைங்க இது. வரல.

"மாமா, கழுத்து வலிக்குதுங்க. விடுங்க."

"இன்னும் ஒருக்கா கண்ணு."

"வராதுங்க மாமா."

"ஒரே ஒருக்கா."

அன்வர் வந்து எங் கையைப் புடிச்சு எடுத்துவிட்டாரு. நல்ல மனுசன். எனக்கு ஏனோ டீ சேரல அன்னிக்கு, கண்ணெல்லாம் எரிஞ்சுச்சு. ட்ராக்குல பெட்ரோல் பொகை வேற.

அடுத்த நாள் ரேஸுக்கு நானே போட்டுவிட்டேன். அது மாமன் வேலைதான, அதை யாரும் தடுக்க முடியாதல்ல? எம் முன்னால வந்து குனிஞ்சு நின்னா. காதுல மாட்டிக்கும்னு ரெண்டு பக்கத்தையும் அகட்டிப் புடிக்கோணும், அதையும் அவளே சொல்லிக் குடுத்தா. வாரை ரெண்டு வளையத்துக்குள்ள விட்டுத் திருப்பி இழுக்கோணும். எனக்கு அது புடிபடல, அவதான் எங் கை மேல கை வெச்சு இழுத்தா. ஜெசிந்தா மேடம் வந்து தூக்கிப் பார்த்துட்டு, "இதுதான் அண்ணாச்சி சீரு"ன்னு சொல்லிட்டுப் போனா. இப்பச் சொல்லுங்க, இது யாரு சீரு?

எத்தனாவதா வந்தான்னுதான கேக்கறீங்க. கடைசிக்கு முந்தி. சிரிக்காதீங்க. அவளுக்குப் பின்னால ஒருத்தி இருந்தா, அதைக் கவனிக்கோணும். அந்தக் கோடித் திருப்பத்துக்கு வந்தா பாருங்க, நான் கண்ணை மூடிக்கிட்டேன், ஆனா காதால பார்த்தேன். சத்தம் அடங்குச்சு, அப்புறம் நிமிந்து மேல ஏறுச்சு. அது போதும் எனக்கு. முடிச்சுட்டு வந்து ஹெல்மெட்டைக் கழட்டறதுக்கு அவளும் நானும் பட்ட பாடு! கழட்டினா, கன்னம் ரெண்டும் செவந்து மெத்தைத் தையல் அப்படியே பதிஞ்சிருக்குது. பல்லு பூராத் தெரியச் சிரிக்கறா.

ஊட்டுக்கு வந்தோம். துளசிமணி வாசல்லயே நிக்கறா. புள்ளையை மேலயும் கீழயும் பார்த்துட்டு, ஹெல்மெட்டைக் கையில வாங்கினா. திருப்பித் திருப்பிப் பார்க்கறா.

"நீலமாத்தானே வெச்சீங்க? இது வெள்ளையா இருக்குது."

தாரணிதான் சொன்னா, "லூசா இருந்துச்சுங்கம்மா. மாமாதான் மாத்திக் குடுத்தாரு."

"மாத்திக் குடுத்தானா? எங்கண்ணனா?"

"ஆமாங்கம்மா. எனக்கு ஆகுதான்னு கேட்டுக் கேட்டு வாங்கினாரு."

பார்த்தீங்களா, எவ்வளவு ஞாயமாப் பேசறா. நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன். துளசிமணி என்னையே பார்த்தா. கோவமா இல்ல. என்னமோ மாதிரி. அப்புறம் கேட்டா, "ஏண்ணா, எனக்கு மாப்பிள்ளை பார்த்தியே, அன்னிக்கு ஒரு தடவை இந்த மாதிரிக் கேட்டிருக்கலாமல்ல?"

உள்ள மச்சான் நாற்காலியில உக்காந்து பேப்பர் படிச்சுட்டிருக்கறாரு. பக்கத்தைத் திருப்பினாரு.

அவ்வளவுதான் சொன்னா. ஹெல்மெட்டைக் கொண்டு போயி அலமாரி மேல வெச்சா, காபி போட்டுக் குடுத்தா, நல்லாத்தான் பேசினா. எனக்குத்தான் இன்னும் வெளங்கல. எங்கப்பாரு போனதுக்கப்புறம் நான்தான் அவளுக்குப் பார்த்தேன். ஊரெல்லாம் சுத்திப் பார்த்தேன். நெலம் இருக்குது, கெணறு இருக்குது, ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. நல்ல மனுசன். அமைதியானவரு. ரொம்ப அமைதி. முப்பது வருசமாப் போகுது, அவரு அவகிட்டச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல. பேசியும் கேட்டதில்லதான். அதுல என்ன குறைங்கறீங்க?

உங்களுக்குத் தங்கச்சி இருக்கறாங்களா தம்பி? கட்டிக் குடுத்துட்டீங்களா? மாப்பிள்ளையை யாரு பார்த்தது, நீங்களா?

இல்ல, சும்மா கேட்டேன்.

ஆளுக வர்றாங்க பாருங்க. நீங்க போயி லாரிப் பலகையை எறக்கி விடுங்க, இவங்க ஏத்த ஆரம்பிச்சுருவாங்க. அந்த ஊசி உங்க காலுக்குப் பக்கத்துல கெடக்குது, பார்த்து, குத்திரும். இப்படிக் குடுங்க. நூலும் அங்கதான் இருக்கும். இந்த மூட்டை வாயி பாதியில நிக்குது.